வண்டி வந்து சேராத ஒரு மணி நேரம்

பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். முதலில் கை தூக்கும் பிள்ளை, "கடிவாய்க்கு மேலே கயிறு போட்டு இறுக்கிக் கட்டணும் டீச்சர்" என்று சொல்லும். பல ஆண்டுகள் நானும் "சரி, உட்கார்" என்று சொன்னவள்தான். பி.எட். படித்த காலத்தில் வாங்கிய பழைய விளக்கப்படம் ஒன்றில் அப்படித்தான் இருந்தது. அதைச் சுவரில் மாட்டி, குச்சியால் தொட்டுக் காட்டிப் பாடம் நடத்தினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், என் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சித்திரை மாதத்தில் அம்மாவோடு முந்திரிக்கொட்டை பொறுக்கப் போயிருக்கிறான். சருகுக்குள் கிடந்த பாம்பு அம்மாவின் பாதத்தில் கடித்துவிட்டது. கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லை. பையன் பதறவில்லை. தோளில் கிடந்த துண்டைக் கிழித்து, நான் படத்தில் காட்டியபடியே கணுக்காலுக்கு மேல் சுற்றி, குச்சி செருகி முறுக்கிக் கட்டியிருக்கிறான். பிறகு ஓடிப் போய் ஆள் கூட்டி வந்து, ரோட்டுக்கு வந்து, வண்டி பிடித்து மருத்துவமனை சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. விஷமுறிவு மருந்து ஏற்றி உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் கால் விரல்கள் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று. கடித்தது கண்ணாடி விரியன். அதன் விஷமே கடித்த இடத்துத் தசையை அழித்துவிடும்; இரத்தம் ஓடவிடாமல் ஒன்றரை மணி நேரம் இறுக்கி வைத்த கட்டு அதை இன்னும் மோசமாக்கிவிட்டது என்று மருத்துவர் சொன்னாராம்.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே கட்டினான் டீச்சர்" என்று அந்த அம்மா என்னிடம் பெருமையாகத்தான் சொன்னார். பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அந்தப் படத்தைக் கழற்றினேன். சுவரில் அந்த இடத்தில் எதை மாட்டுவது என்று தேடியபோதுதான், முதலுதவியிலேயே தனிப் பிரிவு ஒன்று இருப்பது தெரிந்தது. மலையேறுவோர், வனக்காவலர், நில அளவையாளர், காட்டில் ஆய்வு செய்வோர் போன்றவர்களுக்காக உருவான காட்டுவெளி முதலுதவி அது.

கடிகாரம் அளக்கும் காடு

நாம் பள்ளியில் சொல்லித் தருவது ஊருக்குள் செய்யும் முதலுதவி. காயத்தைத் துணியால் அழுத்து, 108-ஐக் கூப்பிடு, வண்டி வரும் வரை பார்த்துக்கொள். தமிழ்நாட்டில் 2008-இல் 108 சேவை தொடங்கிய பிறகு இது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வண்டி சில நிமிடங்களில் வந்துவிடும் என்பதை நம்பியே இந்த முதலுதவி நிற்கிறது.

காட்டுவெளி முதலுதவியோ, வண்டி வராது என்பதிலிருந்து தொடங்குகிறது. மருத்துவச் சிகிச்சை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருக்கும் எந்த இடமும் அதன் கணக்கில் காடுதான். யானையும் சிறுத்தையும் இருக்க வேண்டும் என்பதில்லை. 1970-களில் அமெரிக்காவில் வளரத் தொடங்கிய இப்பயிற்சியின் அடிப்படை வகுப்பு பொதுவாக இரண்டு நாள், 16 மணி நேரம். வழிகாட்டிகளாக வேலை செய்பவர்களுக்கு 70, 80 மணி நேர வகுப்பு உண்டு. நம் நாட்டில் முசூரியை ஒட்டிய லாண்டூரில் உட்ஸ்டாக் பள்ளியின் ஹனிஃபல் மையம் போன்ற இடங்களில் இது நடந்திருக்கிறது. பெரும்பாலும் மலையேற்றக்காரர்கள்தான் போகிறார்கள். செலவும் தொலைவும் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. ஆனால் அதன் உள்ளடக்கம் எட்டும்.

மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்து பாருங்கள். பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் நடுவில் ரயில் நிலையமும் கடைத்தெருவும் உள்ள ஊர். கடலூரும் பண்ருட்டியும் பக்கம். இதைக் காடு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஆளுயரக் கரும்புக்குள் நூறு அடி உள்ளே நின்று வெட்டிக்கொண்டிருப்பவர் மயங்கி விழுந்தால், வரப்பில் நடப்பவருக்குக் கூடத் தெரியாது. கெடிலத்தைத் தாண்டித் தெற்கே நெய்வேலிப் பக்கம் போனால் செம்மண் மேட்டில் முந்திரித் தோப்புகள். அவற்றுக்கு எங்கள் பகுதியில் பெயரே முந்திரிக்காடு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் சாய்த்துவிட்டுப் போன பிறகு மறுபடி வைத்து வளர்த்த மரங்கள் பல. கிளைகள் தாழ்ந்து தரையைத் தொடும், கீழே முழங்கால் அளவு சருகு. உள்ளே போகும் மண்தடத்துக்குப் பெயர் கிடையாது, சில இடங்களில் செல்பேசிக்கு அலைவரிசையும் கிடையாது. மாசி, பங்குனியில் தொடங்கும் கொட்டை எடுப்பு விடுமுறைக் காலத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அப்போது நம் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள்.

அந்தத் தோப்புகளுக்கு அப்பால் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். சுரங்கத்தில் வேலை செய்கிறவருக்கு முதலுதவிப் பெட்டியும், முதலுதவி பயின்ற ஆளும் அருகில் இருக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகச் சட்டம் சொல்கிறது. மேற்பார்வையாளர் சான்றிதழுக்கே முதலுதவித் தேர்ச்சி கேட்கிறார்கள். தொழிற்சாலைக்கும் அப்படியே; 1948-ஆம் ஆண்டுச் சட்டம் 150 பேருக்கு ஒரு பெட்டி என்று கணக்கே வைத்தது. சில கிலோமீட்டர் தள்ளி முந்திரிக்கொட்டை பொறுக்கும் பெண்ணுக்கு அப்படி ஒரு ஏற்பாடும் இல்லை. அவர் பக்கத்தில் இருக்கும் முதலுதவியாளர் நம் ஏழாம் வகுப்புப் பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லித் தருவது சரியாக இருக்க வேண்டும்.

எதைச் செய்யக்கூடாது

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் இறப்புகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற இலக்கோடு நம் நாட்டின் தேசியச் செயல்திட்டம் 2024 மார்ச்சில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. அதாவது, ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் இனி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்த இறப்புகளில் பெரும்பாலானவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளால் நேர்பவை. நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் தயாரிக்கிறார்கள். ஆகவே "என்ன பாம்பு என்று தெரிந்தால்தான் மருந்து போட முடியும்" என்று அடித்துக் கொன்று பையில் போட்டுக்கொண்டு போகத் தேவையில்லை. அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. தள்ளி நின்று செல்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டாலும் பாதகமில்லை. (இந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கள் மாவட்டப் பள்ளிகளிலும் இருளர் பிள்ளைகள் படிக்கிறார்கள். இதை வகுப்பில் சொன்ன நாளில் ஒரு பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.)

கட்டக்கூடாது. கீறக்கூடாது. வாய் வைத்து உறிஞ்சக்கூடாது. ஐஸ், சுண்ணாம்பு, பச்சிலை எதையும் வைக்கக்கூடாது. கடிபட்டவரை நடக்கவிடக்கூடாது, ஓடவிடவே கூடாது. தசை அசைய அசைய விஷம் வேகமாக ஏறும். யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால், நாம் பாடம் படித்துவிட்டோம் என்று அதைச் சட்டென்று அவிழ்க்கவும் கூடாது. தேங்கிய விஷம் ஒரேயடியாக உடலுக்குள் பாயலாம். மருத்துவர் முன்னிலையில் அவிழ்க்கட்டும். என் மாணவன் கட்டிய கட்டைப் பற்றி நான் படித்ததில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான். வழியில் யாராவது ஒருவர் நல்லெண்ணத்தில் அவிழ்த்திருந்தால்?

ஆஸ்திரேலியாவில் அகலமான துணியால் கை கால் முழுவதையும் அழுத்திச் சுற்றச் சொல்கிறார்களே என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. அங்குள்ள பாம்புகளின் விஷம் பெரும்பாலும் நரம்பைத் தாக்கும். கடித்த இடத்தை அதிகம் கெடுப்பதில்லை. விரியன்கள் மிகுந்த நம் நாட்டில் அந்த முறையைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. இணையத்தில் கிடைக்கும் காணொளி எந்த நாட்டுப் பாம்புக்கானது என்று பார்த்துவிட்டு வகுப்பில் போடுவது நல்லது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? மிகக் குறைவுதான். பாம்பிடமிருந்து விலகுங்கள். கடிபட்டவரை உட்கார வைத்துப் பேசுங்கள்: பெரும்பாலான பாம்புகளுக்கு விஷம் இல்லை, விஷப்பாம்பும் எல்லாக் கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை, மருந்து இருக்கிறது. இது வெறும் ஆறுதல் இல்லை, உண்மை. மெட்டி, கொலுசு, வளையல், மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றுங்கள். எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல, கடிபட்ட காலை அசையாமல் மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். பனைமட்டை, கரும்புக்கழி, சுருட்டிய செய்தித்தாள் எது கிடைத்தாலும் போதும். கட்டுக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். வாந்தி வந்தாலோ மயங்கினாலோ இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் பயிற்சி பெற்றவர் வாயோடு வாய் வைத்து ஊதித் தொடரலாம். நாகமும் கட்டுவிரியனும் கடித்தவர்களுக்கு முதலில் நிற்பது மூச்சுத்தான், இதயம் இல்லை.

பிறகு காட்டுவெளி முதலுதவியின் உயிரான பகுதி வருகிறது: காத்திருப்பதா, கிளம்புவதா? இதற்கு எங்கள் பக்கம் டி.வி.எஸ். மொபெட்டே பதில் சொல்லிவிட்டது என்பேன். ஓட்டுபவர் முன்னால், கடிபட்டவர் நடுவில், பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு. இது ஏதோ வழியில்லாமல் செய்வது என்று எண்ண வேண்டாம். நேபாளத்தின் தென்கிழக்கில் தமாக் என்ற ஊரைச் சுற்றிய கிராமங்களில், பாம்புக்கடி என்றால் உடனே வந்து ஏற்றிப்போக மோட்டார் சைக்கிள் தொண்டர்களை ஏற்பாடு செய்து, மக்களுக்கும் விளக்கிச் சொன்னார்கள். கடிபட்டவர்களில் இறந்தோர் விகிதம் 10.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தது என்று 2013-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. புதிய மருந்து எதுவும் இல்லை. வண்டியும் பேச்சும்தான்.

கிளம்பும்போது ஒரு பேனாவும் கிளம்ப வேண்டும். கடித்த நேரம், வீக்கத்தின் விளிம்பில் ஒரு கோடு, அந்தக் கோட்டருகே நேரம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை புதுக்கோடு. இமை சரிகிறதா, பேச்சு குழறுகிறதா, ஈறில் இரத்தம் கசிகிறதா என்று பார்த்துத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டே போனால், மருத்துவர் அந்த ஒரு மணி நேரத்தை நேரில் பார்த்ததுபோல் ஆகும். தாள் இல்லையென்றால் முன்கையில் எழுதச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

வகுப்பறைக்குள் வரும் கட்டுவிரியன்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிட வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். கடி வலிக்காது, பல நேரம் தடம் கூடத் தெரியாது. பிள்ளை எழுந்து, வயிறு வலிக்கிறது என்று சொல்லும். "பள்ளிக்கூடம் போகாமல் இருக்கச் சாக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். வகுப்பில் வந்து தலையைக் கவிழ்த்து உட்காரும். கண் சொருகும். நாம் என்ன சொல்வோம்? "ராத்திரியெல்லாம் டி.வி. பார்த்தியா?"

காலையில் வயிற்றுவலி, வாந்தி, தொண்டைவலி, அதோடு இமையைத் தூக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், பேச்சில் குழறல். இவை சேர்ந்து வந்தால், முந்தைய இரவு தரையில் படுத்தாயா என்று கேளுங்கள். "மேலே பார்" என்று விரலைக் காட்டுங்கள். நெற்றியைச் சுருக்கியும் இமை எழவில்லை என்றால் பெற்றோர் வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குழந்தைக்கும் பெரியவருக்கும் விஷமுறிவு மருந்தின் அளவு ஒன்றுதான். பாம்பு இறக்கும் விஷம் ஆளைப் பார்த்துக் குறைவதில்லை. கட்டிலில் படுப்பதும், பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிய கொசுவலையும் இந்தக் கடியைத் தடுக்கும் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லலாம்.

மற்றவை சுருக்கமாக

இடி விழுந்தவர் உடம்பில் மின்சாரம் இருக்காது; உடனே தொடலாம். பலர் ஒரே நேரத்தில் விழுந்து கிடந்தால், முனகுபவரை விட்டு அசைவற்றுக் கிடப்பவரிடம் முதலில் போக வேண்டும். மின்னலில் நின்ற இதயம், மார்பை அழுத்தி மூச்சுக் கொடுத்தால் மீள வாய்ப்பு அதிகம். வெயிலில் வேலை செய்தவர் உளறினால், உடம்பு கொதித்தால், அது வெறும் மயக்கமில்லை. நிழலுக்கு இழுத்து, போர்வெல் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறி, குளிர்வித்த பிறகுதான் கொண்டுபோவது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. கதண்டு கலைந்தால் நின்று விரட்டாமல் ஓட வேண்டும்; கொட்டிய பிறகு முகம் வீங்கி மூச்சு இழுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

பள்ளிச் சுற்றுலா, இயற்கை முகாம் அழைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்கியவர்களை மலையிலிருந்து மீட்கும் பணி மறுநாளும் நடந்தது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்கப் போகிறோம், திரும்ப எவ்வளவு நேரமாகும் என்பதை அனுமதிக் கடிதம் எழுதும்போதே எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

எப்படிச் சொல்லித் தருகிறேன்

ஜே.ஆர்.சி., சாரணர் இயக்கம், பசுமைப்படை எதற்காவது பொறுப்பாசிரியராக இருந்தால் மாதம் ஒரு பாடவேளை கிடைத்துவிடும். அதில் பாடமே நடத்துவதில்லை. மைதானத்தின் கடைசி வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளை கடிபட்டதாகப் படுத்துக்கொள்ளும். மூன்று பேர் குழு. மட்டை, துண்டு, தாவணி மட்டும். ஒருவர் கட்ட, ஒருவர் எழுத, ஒருவர் போன் செய்ய. இரண்டு கழியில் இரண்டு சட்டைகளை மாட்டித் தூக்குப் படுக்கை செய்வது பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். முதல் முறை ஒரு பையனைக் கீழே போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஆளை ஏற்றுமுன் கல் மூட்டையைத் தூக்கிப் பார்க்கிறோம்.

கடினமானது போன் செய்வதுதான். "எங்கே இருக்கீங்க?" என்று நான் 108-காரராகக் கேட்பேன். "முந்திரிக்காட்டுல" என்பார்கள். எந்த முந்திரிக்காடு? எங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்த பதில் மின்கம்பம். போர்வெல் கொட்டகைக்குப் போகும் கம்பங்களில் எண் எழுதியிருக்கிறது. எந்த ரோட்டில், எந்தக் கம்பத்தில் திரும்ப வேண்டும், அங்கே சிவப்புத் துண்டோடு யார் நிற்பார்கள் என்று சொல்லப் பழகியிருக்கிறார்கள். விடுமுறைக்கு முன் ஒவ்வொருவரும் தாங்கள் வேலைக்குப் போகும் கொல்லைக்கான வழியை இப்படி நான்கு வரியில் எழுதித் தர வேண்டும். அதுதான் அந்த மாத வீட்டுப்பாடம்.

நான் செய்வது ஒன்று இருக்கிறது. மாசி மாதம் பிறந்ததும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் போய், விஷமுறிவு மருந்து இருக்கிறதா, இரவில் எங்கே போக வேண்டும், எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று கேட்டு, பழைய படம் தொங்கிய அதே ஆணியில் எழுதி மாட்டுகிறேன். அந்த மாணவன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. சென்ற ஆண்டு ஒத்திகைக்கு, கட்டுக்கு அடியில் விரல் நுழைகிறதா என்று ஒவ்வொரு குழுவாகப் பார்க்கும் வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.